வெறுஞ்சட்டத்துள் ஒரு சித்திரம்

அமெரிக்க தேசத்துப் பாஸ்டன் நகரில் இசபெல்லா ஸ்டுவர்ட் கார்டனர் என்னும் சீமாட்டியார் நிறுவிய சித்திரசாலை ஒன்றுண்டு. 1990ஆம் ஆண்டு மார்ச்சு 18ஆம் நாள், காவலர் வேடம் பூண்ட கள்வர் இருவர் அங்குப் புகுந்து 13 கலைப்பொருள்களைக் கவர்ந்தேகினர். ரெம்பிராண்ட் 1633இல் தீட்டிய கலிலேயாக் கடற்புயற் சித்திரம் அவற்றுள் ஒன்று. அவை மீளுமென்னும் நம்பிக்கைக்கு அறிகுறியாக வெறுஞ்சட்டங்களையே அங்குத் தொங்கவிட்டனர்.

2018இல் கியூசியம் என்னும் நிறுவனத்தார், சித்திரசாலையாரின் ஏவலின்றித் தாமே ஓர் உபாயம் செய்தனர். சட்டத்தை நோக்கிக் கைபேசியை உயர்த்தினால், அக்கருவி சட்டத்தின் இடமறிந்து, களவுபோன சித்திரத்தின் உருவத்தை அதனுள் அமைத்துத் திரையிற் காட்டும். இவ்வித்தையை மிகைமெய்ம்மை என்பர். நூலில் அச்சிட்ட படத்திற்கு இடமென்பதில்லை, இதற்கோ உண்டு. அணுகினாற் பெருகும், பின்வாங்கினாற் சிறுகும். சித்திரத்தின் பொருளிற் பாதி அதன் இடத்தைப் பற்றியது என்பது என் துணிபு. ஆயினும் வண்ணத்தின் தடிப்பும் தூரிகையின் தடமும் இவ்வுருவிற்கு இல்லை.

இன்னுமொன்று: கருவி ஏந்தியவன் கடலைக் காண, அருகே நிற்பவன் வெறுஞ்சட்டத்தையே காண்கிறான். ஒரே கூடத்தில் இருவர்க்கு இருவேறு காட்சி! யானாயின், முதற்கண் வெறுஞ்சட்டத்தைச் சிறிது நேரம் நோக்கிய பின்னரே கருவியை உயர்த்துவேன். இழந்தது எவ்வளவென்பது அவ்வாறன்றி விளங்காது.