கண்ணுக்குத் தெரியாத எழுத்துகள்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணினி அறிவியல்

'பலகை' என்று சேர்த்தெழுதினால் மரப்பலகை. 'பல கை' என்று இடம் விட்டெழுதினால் பல கைகள். பொதுமொழிக்குச் சான்றாக இதைப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். எழுத்து மட்டுமன்று, எழுதாமல் விடும் இடமும் பொருளை மாற்றும். கணினி நிரலிலும் இவ்வுண்மை உண்டு. அதை நான் பாடநூலில் படிக்கவில்லை; பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

டேப் என்பது என்ன?

தட்டச்சுப் பயிலகத்திற்குச் சென்றவர்கள் டேப் விசையை அறிவார்கள். அட்டவணை அடிக்கும்போது, முன்னரே குறித்து வைத்த நிறுத்தத்திற்கு ஒரே தாவலில் கொண்டு செல்வது அது. ஸ்பேஸ் பட்டையோ ஒவ்வோர் இடமாக நகர்த்தும். கணினியிலும் இவை இரு வேறு எழுத்துகளே. ஆஸ்கி குறியீட்டில் டேப்பின் எண் 9. ஸ்பேஸின் எண் 32.

ஒரு டேப்புக்கு இத்தனை ஸ்பேஸ் என்று நிலையான கணக்கு கிடையாது. 'அடுத்த நிறுத்தத்திற்குப் போ' என்பதே டேப்பின் பொருள். 4 இடத்திற்கு ஒரு நிறுத்தம் என்று கொள்வோம். வரியின் தொடக்கத்தில் டேப் அடித்தால் 4 இடம் நகரும். ஓர் எழுத்திற்குப் பின் அடித்தால் 3 இடமே நகரும். நிறுத்தங்களுக்கு இடையே உள்ள தொலைவு டேப் எழுத்தில் அடங்கியிருப்பதில்லை. யூனிக்ஸ் வழக்கில் அது 8. பல எடிட்டர்களில் 4. எனவே ஒரே கோப்பு இரண்டு திரைகளில் இரண்டு விதமாகத் தோன்றும்.

நான் பட்ட பாடு

சி மொழியில் எந்த வரி எதற்குள் அடங்கும் என்பதை அடைப்புக்குறிகள் காட்டிவிடும். கைடோ வான் ராசம் 1991-இல் வெளியிட்ட பைத்தான் மொழியில் அதைக் காட்டுவது வரியின் உள்தள்ளலே.

சென்ற பருவத்தில் 5 பாட மதிப்பெண்களைக் கூட்டும் பைத்தான் நிரல் ஒன்றை எழுதினேன். பாதியை நண்பனின் மடிக்கணினியில் ஸ்பேஸ் கொண்டு எழுதினேன். மீதியை எழுதிய ஆய்வகக் கணினியில் டேப். 8 இடத்திற்கு ஒரு நிறுத்தம். செயற்கூறுக்குள் மடக்கு தொடங்கும் வரிக்கு முன் 4 ஸ்பேஸ். மதிப்பெண்ணைப் பெறும் வரிக்கு முன் 8 ஸ்பேஸ். மொத்தத்தில் கூட்டும் வரிக்கு முன் ஒரு டேப். ஆய்வகத் திரையில் கடைசி இரண்டு வரிகளும் நேராகவே நின்றன. ஆனால், டேப்பும் ஸ்பேஸும் முரணாகக் கலந்துள்ளன என்று பைத்தான் ஏற்க மறுத்தது.

எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். விடிந்தால் ரெக்கார்டு நோட்டு கொடுக்க வேண்டும். இரவில் கேட்பதற்கு வீட்டில் ஆளில்லை. நண்பனின் மடிக்கணினியில் டேப் அனைத்தையும் நான்கு நான்கு ஸ்பேஸ்களாக மாற்றினேன். பிழைச்செய்தி மறைந்தது, நிரல் ஓடியது, நிம்மதியாக உறங்கினேன்.

மறுநாள் ஆசிரியர் 60, 70, 50, 80, 40 என்று கொடுத்துப் பார்த்தார். 300 வர வேண்டிய இடத்தில் 40 வந்தது. கூட்டும் வரி 8-ஆம் இடத்திலிருந்து 4-ஆம் இடத்திற்கு வந்து, மடக்கை விட்டு வெளியேறியிருந்தது. எனவே கடைசி மதிப்பெண்ணை மட்டும் ஒரே ஒரு முறை கூட்டியது. நான் நீக்கியது பிழைச்செய்தியை; பிழையை அன்று.

மாற்றும் முறை

1. கோப்பை எழுதியவர் எத்தனை இட நிறுத்தத்தில் எழுதினார் என்பதை முதலில் அறிய வேண்டும். நான் 8 என்று கொடுத்திருந்தால் அந்த வரி தன் இடத்திலேயே நின்றிருக்கும்.

2. லினக்ஸில் 'எக்ஸ்பாண்ட்' என்னும் கட்டளை, நிறுத்தங்களைக் கணக்கிட்டு மாற்றித் தரும். அதன் வெளியீட்டை வேறு பெயரில் சேமிக்க வேண்டும். பழைய கோப்பின் மீதே திருப்பிவிட்டால், கட்டளை படிக்கத் தொடங்குமுன்பே ஷெல் அக்கோப்பை வெறுமையாக்கிவிடும்.

3. வரியின் தொடக்கத்தில் உள்ள டேப்பை மட்டும் மாற்றுவது நலம். மேற்கோள் குறிகளுக்குள் இருக்கும் டேப் நிரலின் தரவு. அதை மாற்றினால் வெளியீடும் மாறும்.

4. 'மேக்' என்னும் கருவிக்கான கோப்புகளை மாற்றக் கூடாது. அவற்றில் கட்டளை வரிகள் இயல்பாக டேப்பில்தான் தொடங்க வேண்டும். பெல் ஆய்வகத்தில் 1976-இல் இதை உருவாக்கிய ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன், இவ்விதியைப் பின்னர் மாற்ற எண்ணினாலும், அதற்குள் பயன்படுத்தத் தொடங்கிவிட்ட ஏறத்தாழ 12 பேருக்குத் தொல்லை தர விரும்பாமல் விட்டுவிட்டார். அவ்விதி இன்றும் தொடர்கிறது.

5. மாற்றிய பின், விடை தெரிந்த கணக்கு ஒன்றைக் கொடுத்துச் சரிபார்க்க வேண்டும். இதைச் செய்யாததே என் தவறு.

முடிவுரை

டேப் சிறந்ததா, ஸ்பேஸ் சிறந்ததா என்னும் வழக்கு இன்னும் தீரவில்லை. பைத்தானின் நடைக் கையேடு 4 ஸ்பேஸ் என்கிறது. கோ மொழியின் ஒழுங்குபடுத்தும் கருவி டேப்பையே இடுகிறது. எதை ஏற்றாலும் ஒரு கோப்பில் ஒன்றே இருத்தல் வேண்டும். எடிட்டர்கள் பலவற்றில் இந்த மறை எழுத்துகளைப் புள்ளியாகவும் அம்பாகவும் காட்டும் வசதி உண்டு. முதலாண்டுத் தம்பி தங்கையர் முதல் நாளே அதைப் போட்டுவைத்துக்கொள்வது நல்லது. நிரல் ஓடுகிறதே என்று உறங்கிவிடாமல், விடை சரிதானா என்றும் ஒரு முறை பார்த்துவிட்டு உறங்குங்கள்.