வீட்டுக் கணிப்பொறியும் கம்பியில்லா இணைப்பும்: பழுதறியும் முறை

நாட்டின் கிராமப் பஞ்சாயத்துகள் அனைத்தையும் கண்ணாடி இழை வடத்தால் இணைக்கும் திட்டத்திற்கு 2011 அக்டோபரில் மத்திய அரசு ஒப்புதல் வழங்கியது. தேசியக் கண்ணாடி இழை வலையமைப்பு என்று தொடங்கி, பின்னர் பாரத்நெட் எனப் பெயர் மாற்றம் பெற்ற இத்திட்டத்தின்கீழ், எல்லாப் பஞ்சாயத்துகளும் இணைக்கப்பட்ட முதல் மாவட்டம் என்னும் சிறப்பை 2015 ஜனவரியில் கேரளத்தின் இடுக்கி மாவட்டம் பெற்றது. இன்றளவும் ரயில் பாதை இல்லாத மலை மாவட்டம் ஒன்று இவ்வகையில் முந்திக்கொண்டது குறிப்பிடத்தக்கதாகும்.

இணைய வசதி குடிமக்களின் உரிமை எனக் கேரள அரசு 2017-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தது. இணையத்தைப் பயன்படுத்தும் உரிமை கல்வி உரிமையின் ஒரு பகுதியே என்று 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாநில அரசின் சொந்த வலையமைப்பான கே-ஃபோன் 2023 ஜூன் 5-ஆம் நாள் தொடங்கி வைக்கப்பட்டது.

வடம் ஊரை அடைந்துவிட்டால் வசதி மக்களை அடைந்துவிட்டது என்று கருதுவதற்கில்லை. சுவரில் உள்ள கருவியிலிருந்து மாணவனின் மேசைவரை உள்ள கடைசிப் பத்து மீட்டர் தூரத்தில், இணைப்பு பல காரணங்களால் அறுபடுகிறது. அந்தப் பத்து மீட்டருக்குப் பொறுப்பாளர் வீட்டாரே. பழுது எங்கே இருக்கிறது என்பதைப் பிரித்தறியும் பயிற்சி அவர்களுக்கு இருந்தால், பெரும்பாலான இடையூறுகளை அவர்களே நீக்கிக்கொள்ளலாம். எஞ்சியவற்றைச் சரியான இடத்தில் முறையிடலாம்.

எல்லைப் பகுதியின் தன்மை

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர், அட்டப்பாடிப் பகுதிகளும், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், உடும்பஞ்சோலை, பீருமேடு வட்டங்களும் தமிழ்நாட்டை ஒட்டியவை. தமிழ் பேசும் மக்கள் கணிசமாக வாழ்பவை. இவ்விரு மாவட்டங்களின் நில அமைப்பு ஒன்றற்கொன்று மாறானது. ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாய் வெப்பமும் காற்றும் மிக்க சமவெளி. தேவிகுளம் வட்டமோ 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடியைத் தன்னகத்தே கொண்ட மலைநாடு. முன்னதில் கோடை வெப்பமும் தூசியும் கருவிகளைத் தாக்குகின்றன. பின்னதில் ஈரமும், மரம் விழுந்து வடம் அறுவதும், மின்தடையும் தொல்லை தருகின்றன.

2020 ஜூன் 1-ஆம் நாள் கேரளப் பள்ளி மாணவர்களுக்காக 'ஃபர்ஸ்ட் பெல்' என்னும் தொலைவழி வகுப்புகள் தொடங்கியபோது இணைப்பின் அருமை யாவருக்கும் புலப்பட்டது. கல்வி உதவித்தொகை விண்ணப்பம், தேர்வு முடிவு, சாதிச் சான்றிதழ், வேலைவாய்ப்பு அறிவிப்பு ஆகியவை இன்று இணையவழியே நடைபெறுகின்றன. விண்ணப்பத்தின் இறுதி நாளன்று இணைப்பு அறுந்தால் ஓராண்டுக்கான உதவித்தொகை கைநழுவிப் போகலாம். மலைத் தோட்டத்திலுள்ள லயத்திற்குப் பழுது பார்ப்பவர் சென்று திரும்ப அரை நாள் ஆகும். அங்கே செருகி தளர்ந்திருந்ததே குறை என்றால், உண்மையிலேயே வடம் அறுந்த மற்றொரு குடும்பத்தின் முறை தள்ளிப்போகிறது.

ஐந்து கண்ணிகள்

வீட்டு இணைப்பை ஐந்து கண்ணிகள் கொண்ட சங்கிலியாகக் கருதலாம். மின்சாரம், வெளியிலிருந்து வரும் கண்ணாடி இழை, அதனை ஏற்று வீட்டுக்குள் பகிர்ந்தளிக்கும் ரவுட்டர், ரவுட்டருக்கும் கணிப்பொறிக்கும் இடையேயுள்ள கம்பியில்லா அலை, கணிப்பொறி என்பன அவை. பல வீடுகளில் இழையை ஏற்கும் கருவியும் ரவுட்டரும் ஒரே பெட்டியில் அடங்கியிருக்கும்.

முதற்கேள்வி எளிது: இடையூறு ஒரு கருவியில் மட்டுமா, எல்லாக் கருவிகளிலுமா? கணிப்பொறியில் இணையம் வராமல், அதே வைஃபையில் இணைந்த கைபேசியில் வருமாயின் குறை கணிப்பொறியில் உள்ளது. இச்சோதனையின்போது கைபேசியின் சொந்தத் தரவு இணைப்பை நிறுத்திவிட வேண்டும். இல்லையேல் கைபேசி அதன் வழியே இணையத்தை அடைந்து தவறான முடிவைத் தரும். இரண்டிலும் வரவில்லை எனில் கணிப்பொறியை ரவுட்டருடன் ஒரு கம்பியால் நேராக இணைத்துப் பார்க்க வேண்டும். கம்பியில் வந்து வைஃபையில் வராவிடின் குறை அலையில். கம்பியிலும் வராவிடின் குறை ரவுட்டரிலோ அதற்கு அப்பாலோ உள்ளது. இவ்வாறு ஒவ்வொரு சோதனையும் ஒரு கண்ணியை ஐயத்திலிருந்து விலக்குகிறது. ஒரே நேரத்தில் பலவற்றை மாற்றினால் இணைப்பு மீண்டாலும் காரணம் தெரியாது. அடுத்த முறை மீண்டும் முதலிலிருந்தே தொடங்க நேரிடும்.

விளக்குகள் கூறுவது

இழையை ஏற்கும் கருவியின் முகப்பிலுள்ள சிறு விளக்குகள் பழுதறிவதற்குப் பெரிதும் உதவுவன. மின் விளக்கு எரியாவிடின் செருகியையும் அடாப்டரையும் சோதிக்க வேண்டும். பி.ஓ.என். என்று குறிக்கப்பட்ட விளக்கு நிலையாக எரிந்தால், கருவி நிலையத்துடன் தொடர்பு கொண்டுவிட்டது என்று பொருள். தொடர்ந்து மின்னினால் இன்னும் முயன்றுகொண்டிருக்கிறது. எல்.ஓ.எஸ். என்னும் விளக்கு சிவப்பாக எரிவது ஒளி வரவில்லை என்பதற்கு அடையாளம். அந்நிலையில் கணிப்பொறியில் எதை மாற்றினாலும் பயன் இல்லை. வடம் அறுந்திருக்கலாம் அல்லது வீட்டுக்குள்ளேயே மடங்கியிருக்கலாம்.

கண்ணாடி இழையைக் கூர்மையாக வளைத்தால் ஒளி வெளியே கசிந்துவிடும். மேசைக் காலுக்கும் சுவருக்கும் இடையில் நசுங்குவதும், கதவிடுக்கில் சிக்குவதும், ஆணியில் இறுகச் சுற்றப்படுவதும் வீடுகளில் காணப்படும் குறைகளாகும். வளைவின் ஆரம் மூன்று சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருப்பது நன்று. இழையின் முனையைக் கழற்றி உற்றுப் பார்த்தல் கூடாது. அதில் வருவது கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியாதலால், விழிக்குத் தீங்கு நேரலாம்.

நிலையத்திலிருந்து வரும் ஒளியைப் பல வீடுகளுக்குப் பிரித்தளிக்கும் பகுப்பானுக்கு மின்சாரம் தேவையில்லை. ஆகவே ஊரில் மின்தடை ஏற்பட்டாலும், நிலையத்தில் மின்கலம் இயங்கும் வரையில், வீட்டுக் கருவிக்கு மட்டும் சிறு யு.பி.எஸ். ஒன்றைப் பொருத்தினால் இணைப்பு தொடரும். அடிக்கடி மின்தடை நேரும் மலைப்பகுதிகளுக்கு இது சிக்கனமான ஏற்பாடு.

அலை செல்லும் வழி

இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை உரிமம் இன்றிப் பயன்படுத்த 2005-ஆம் ஆண்டில் அனுமதி அளிக்கப்பட்டது. 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இவ்வுரிமை 2018-ஆம் ஆண்டில் விரிவாக்கப்பட்டது. முன்னதன் அலைநீளம் சுமார் 12 சென்டிமீட்டர். பின்னதன் அலைநீளம் சுமார் 6 சென்டிமீட்டர். 2.4 அலை சுவர்களை ஓரளவு ஊடுருவித் தொலைவு செல்லும், ஆனால் வேகம் குறைவு. 5 அலை வேகமானது, ஆனால் தடித்த சுவரில் விரைவில் தேய்ந்துவிடும். அடுத்த அறையில் பயில்பவருக்கு முன்னதும், ரவுட்டர் உள்ள அறையிலேயே இருப்பவருக்குப் பின்னதும் ஏற்றவை.

கருங்கல் சுவரும் ஈரம் ஊறிய சுவரும் அலையை உறிஞ்சுகின்றன. தகரத் தடுப்பு, இரும்பு பீரோ, குளிர்பதனப் பெட்டி ஆகிய உலோகப் பொருள்கள் அதனைத் திருப்பி விடுகின்றன. எனவே ரவுட்டரை பீரோவின் பின்னாலோ தரையிலோ வைக்காமல், வீட்டின் நடுவே தலையளவு உயரத்தில் திறந்த இடத்தில் வைக்க வேண்டும். செலவின்றிச் செய்யத்தக்க முதற் சீர்திருத்தம் இதுவே.

வரிசையாக அமைந்த லயங்களில் ஒட்டிய வீடுகளின் ரவுட்டர்கள் ஒரே தடத்தில் இயங்கினால் ஒன்றையொன்று குறுக்கிடும். 2.4 அலைவரிசையில் 1, 6, 11 ஆகிய மூன்று தடங்களே ஒன்றன்மீது ஒன்று படியாதவை. அண்டை வீட்டார் தமக்குள் இம்மூன்றையும் பகிர்ந்துகொள்வது நலம். மைக்ரோவேவ் அடுப்பும் ஏறத்தாழ இதே அலைவரிசையில் இயங்குவதால், அது இயங்கும்போது இணைப்பு தடுமாறலாம்.

கண்ணாடி இழை எட்டாத வீடுகளில் கைபேசியின் தரவைக் கணிப்பொறியுடன் பகிர்ந்துகொள்வது வழக்கம். கேரளமும் தமிழ்நாடும் தனித்தனித் தொலைத்தொடர்பு வட்டங்களாகும். எல்லையோரத்தில் கைபேசி மலைக்கு அப்பாலுள்ள கோபுரத்தைப் பற்றிக்கொள்ள நேரலாம். அலைக்கோடுகள் தெரிந்தும் தரவு வராதபோது, கைபேசி அமைப்பில் ரோமிங் தரவு அனுமதிக்கப்பட்டுள்ளதா என்று பார்ப்பதும், வலையமைப்பைத் தானே தேர்ந்தெடுத்துப் பார்ப்பதும் பயன் தரும்.

முகவரியும் பெயரும்

வைஃபை இணைந்துவிட்டது, எனினும் எந்தத் தளமும் திறக்கவில்லை என்பது மற்றொரு வகைக் குறை. வலையில் இணையும் ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டர் ஓர் எண் முகவரி வழங்குகிறது. வீடுகளில் அது பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். கணிப்பொறியின் முகவரி 169.254 என்று தொடங்கினால், ரவுட்டரிடமிருந்து முகவரி கிடைக்காமல் கணிப்பொறி தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று அறியலாம். ரவுட்டரை நிறுத்தி, அரை நிமிடம் கழித்து இயக்கி, மீண்டும் இணைத்தால் இது பெரும்பாலும் தீரும்.

முகவரி சரியாக இருந்தும் தளம் திறக்காவிடின் 'பிங்' என்னும் கட்டளையால் 8.8.8.8 என்ற எண்ணை அழைத்துப் பார்க்கலாம். எண்ணுக்கு மறுமொழி வந்து, தளத்தின் பெயரைக் கொண்டு அழைத்தால் மட்டும் வராதிருப்பின், பெயரை எண்ணாக மாற்றித்தரும் பணியில்தான் குறை. வீடு தெரியும், கதவிலக்கம் எழுதிய பதிவேடு கிடைக்கவில்லை என்பது போன்றது இது. வேறொரு பெயர்ச் சேவையின் முகவரியை அமைப்பில் இடுவதால் இது நீங்கும்.

வேகம் பற்றிய மனக்குறைக்கு அலகுக் குழப்பமும் ஒரு காரணம். 20 மெகாபிட் என்பது நொடிக்கு 2.5 மெகாபைட் மட்டுமே. எட்டு பிட்டுகள் சேர்ந்தது ஒரு பைட். எனவே 100 மெகாபைட் பாடக் காணொளியைப் பதிவிறக்கக் குறைந்தது 40 நொடிகள் ஆகும். அதனைப் பழுது எனக் கொள்ளலாகாது.

கணிப்பொறியின் குறைகள்

எல்லாத் தளங்களும் 'இணைப்பு பாதுகாப்பற்றது' என்று மறுத்தால் முதலில் கணிப்பொறியின் தேதியைப் பார்க்க வேண்டும். மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தை இயக்குவது தாய்ப்பலகையிலுள்ள 3 வோல்ட் வில்லை மின்கலம். அது தீர்ந்துவிட்டால் ஒவ்வொரு மின்தடைக்குப் பின்னும் தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றுவிடும். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் காலவரம்பு உடையவையாதலால், தேதி தவறினால் அவை செல்லாதவையாகத் தோன்றும். சிறு செலவில் வில்லையை மாற்றினால் குறை தீரும்.

கணிப்பொறி மெதுவாக இயங்கினால் சேமிப்பு வட்டில் இடம் இருக்கிறதா, பின்னணியில் புதுப்பித்தல் நடைபெறுகிறதா என்று பார்க்கலாம். சிறிது நேரம் இயங்கித் தானே நின்றுவிட்டால் வெப்பம் காரணமாகலாம். விசிறியிலும் காற்றுத் துளைகளிலும் படிந்த தூசியை, மின் இணைப்பைத் துண்டித்தபின் மென்தூரிகையால் அகற்ற வேண்டும். மின்வழங்கிப் பெட்டியை மட்டும் எக்காரணத்தாலும் திறக்கலாகாது. இணைப்பைத் துண்டித்த பின்பும் அதனுள் உயர் மின்னழுத்தம் எஞ்சியிருக்கும்.

தமிழ் எழுத்துகள் பொருளற்ற குறிகளாகத் தோன்றுவது எல்லைப் பகுதி வீடுகளில் எதிர்ப்படும் மற்றோர் இடையூறு. பழைய ஆவணங்கள் பாமினி முதலிய எழுத்துருக்களின் தனிக் குறியீட்டில் அமைந்தவை. தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடு முறையை ஏற்றது. எனினும் பழைய கோப்புகள் வழக்கில் உள்ளன. உரிய எழுத்துருவை நிறுவியோ, யூனிகோடுக்கு மாற்றியோ அவற்றைப் படிக்கலாம். கோப்பு கெட்டுவிட்டது என எண்ணி அழித்துவிடுதல் கூடாது.

காப்பும் முறையீடும்

கோடையின் பிற்பகுதியிலும் வடகிழக்குப் பருவ காலத்திலும் பிற்பகல் இடிமழை கேரளத்தின் மலையோரங்களில் மிகுதி. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் வடத்தைத் தாங்கும் எஃகுக் கம்பியும், மின் இணைப்பும், செம்பு வலைக்கம்பியும் கடத்தும். இடி கேட்டவுடன் ஓடிச் செருகிகளைப் பிடுங்குவதை விட, வானம் கறுக்கும்போதே கழற்றிவிடுவதே பாதுகாப்பு. ரவுட்டருடன் வந்த கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுவதும், உடைக்க எளிதான டபிள்யு.இ.பி. முறையை விடுத்து டபிள்யு.பி.ஏ.2 அல்லது 3 முறையைத் தேர்வதும் இன்றியமையாதவை.

இச்சோதனைகளுக்குப் பின்னும் இணைப்பு மீளாவிடின் முறையிட வேண்டும். 'நெட் வரவில்லை' என்ற இரு சொற்களால் பயன் விளையாது. இணைப்பு அறுந்த நேரம், எந்த விளக்கு எந்த நிறத்தில் எரிகிறது, கம்பியில் சோதித்ததன் முடிவு, அண்டை வீட்டின் நிலை ஆகிய நான்கையும் கூறினால், பழுது பார்ப்பவர் உரிய கருவியுடன் ஒரே பயணத்தில் வேலையை முடிக்க இயலும். அவர் ஒளி வலிமையை அளக்கும்போது, வீட்டு இணைப்பில் அது பொதுவாக மைனஸ் 27 டெசிபெல்-மில்லிவாட்டுக்குக் கீழே இறங்காமல் இருத்தல் வேண்டும்; அவ்வெண்ணைக் குறித்து வைத்துக்கொள்வது பின்னர் ஒப்பிட உதவும்.

கேரள உயர்நிலைப் பள்ளிகளில் 2018 முதல் இயங்கும் 'லிட்டில் கைட்ஸ்' மாணவர் குழுக்கள் கணிப்பொறியில் பயிற்சி பெற்றவை. மேற்கண்ட சோதனைகளை ஒரே தாளில் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி, வீடுதோறும் ரவுட்டரின் அருகே ஒட்டும் பணியை இக்குழுக்களும் கிராமப் பஞ்சாயத்துகளும் இணைந்து மேற்கொள்ளலாம். 2025 ஆகஸ்டில் முழு எண்மக் கல்வியறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்ட மாநிலத்தில், கருவியை இயக்கத் தெரிந்தவர்கள் அதன் பழுதையும் அறியக் கற்பதே அடுத்த படியாகும். அதற்குத் தேவைப்படும் செலவு ஒரு தாளும் ஒரு மணி நேரப் பயிற்சியுமே.