இறக்கம் வேகம் தரும், நிறுத்துவது நாம்தான்



இந்த மாதப் பாடம் வண்டிப் பந்தயம் பற்றியது. எஞ்சின் இல்லாத பந்தயம். பலகை, நாலு சக்கரம், ஒரு இறக்கம் இருந்தால் போதும். புவியீர்ப்பு விசை மட்டுமே ஓட்டும் இந்த வண்டியை நம் பேராக் மாநிலத்தின் எந்தப் பழைய ரப்பர் தோட்டத்திலும் செய்து ஓட்டலாம். மேடு பள்ளமான நிலம்தான் நமக்கு வாய்த்த நிலம். ரப்பர் போய் செம்பனை வந்துவிட்டது, பல லயங்கள் காலியாகிவிட்டன. ஆனால் இறக்கங்கள் அப்படியேதான் இருக்கின்றன.

நான் இயந்திரப் பொறியியல் படிக்கும் மாணவன். வகுப்பில் நான்கு பருவம் படித்த விஷயங்களில் பாதியை இந்த ஒரு வண்டி சொல்லிக் கொடுத்துவிடும். அதில் முதல் பாடம் இதுதான்: வேகத்துக்கு நாம் உழைக்க வேண்டியதில்லை, அதை இறக்கம் சும்மாவே தருகிறது. நம் உழைப்பும் அறிவும் தேவைப்படுவது நிறுத்துவதற்கு.

ஒரே ஒரு வகுத்தல்

வண்டி எவ்வளவு உயரத்திலிருந்து இறங்குகிறது என்பதுதான் வேகத்தைத் தீர்மானிக்கிறது. 1 மீட்டர் உயரம் இறங்கினால் மணிக்கு சுமார் 16 கிலோமீட்டர். 5 மீட்டர் இறங்கினால் சுமார் 36. 10 மீட்டர் என்றால் 50. ஓட்டுகிறவர் குண்டா ஒல்லியா என்பது இந்தக் கணக்கில் வராது. காற்றின் தடையையும் சக்கர உராய்வையும் சேர்த்தால் வேகம் கொஞ்சம் குறையும்.

சரி, கீழே சமதரைக்கு வந்த பிறகு எவ்வளவு தூரம் ஓடும்? இறங்கிய உயரத்தை உராய்வு எண்ணால் வகுங்கள். அவ்வளவுதான்.

நன்றாகக் காற்றடித்த சைக்கிள் டயர் தார்ச் சாலையில் உருளும்போது அந்த எண் 0.01 அல்லது அதற்கும் குறைவு. 5-ஐ 0.01-ஆல் வகுத்தால் 500 மீட்டர். காற்றின் தடை இதில் நல்ல பங்கைக் குறைத்துவிடும் என்றாலும், பிரேக் இல்லாத வண்டி ஒரு பந்துத் திடலைத் தாண்டி ஓடும் என்பது நிச்சயம்.

இப்போது பிரேக் பிடியுங்கள். காய்ந்த சாலையில், சுமாரான பிரேக்குக்கு 0.5 என்று வைத்துக்கொள்வோம். 5-ஐ 0.5-ஆல் வகுத்தால் 10 மீட்டர். மழை பெய்த சாலைக்கு 0.3 என்று வைத்தால் 17 மீட்டர். நம் ஊரில் மதியம் மூன்று மணிக்கு மேல் மழை வராத நாள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். கண் பார்த்து, மூளை சொல்லி, கை பிரேக்கைப் பிடிப்பதற்குள் ஒரு வினாடி ஆனால் அதில் இன்னும் 10 மீட்டர் போய்விடும். அதையும் சேர்க்க வேண்டும்.

"காலை ஊன்றி நிறுத்திக்கலாம்ணே" என்று தம்பிகள் சொல்வதுண்டு. அதையும் கணக்குப் போடுவோம். வண்டியும் ஆளும் சேர்ந்து 100 கிலோ. காலில் விழும் பாரம் 10 கிலோ. செருப்பின் உராய்வு எண் 0.7. மொத்த வண்டிக்கு அது 0.07 மட்டுமே. சக்கர உராய்வையும் சேர்த்தால்கூட 60 மீட்டருக்கு மேல் ஓடும். 10 மீட்டர் எங்கே, 60 மீட்டர் எங்கே?

காடியில் ஓடும் கார்

பிரேக் என்றால் வேகத்துக்கு எதிரி என்று நினைக்கிறோம். அந்த நினைப்பை மாற்றுவதற்கு ஸ்லாட் கார் பந்தயத்தைவிட நல்ல ஆசிரியர் இல்லை. நம்மில் பலருக்கு டாமியா மினி 4டபிள்யூடி கார் தெரியும். 1982-ல் வந்தது. பேட்டரி போட்டு விட்டால் தன் பாட்டுக்கு ஓடும், நம் கையில் ஒன்றும் இருக்காது. ஸ்லாட் கார் அதற்கு மூத்தது. இங்கிலாந்தில் பிரெட் பிரான்சிஸ் என்பவர் 1957-ல் ஸ்கேலெக்ஸ்ட்ரிக் என்ற பெயரில் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். உண்மைக் காரில் 32-ல் ஒரு பங்கு அளவு. தடத்தில் ஒரு காடி இருக்கும், காரின் மூக்குக்கு அடியில் உள்ள நாக்கு அந்தக் காடிக்குள் உட்கார்ந்திருக்கும். காடியின் இரு பக்கமும் உள்ள உலோகப் பட்டைகளிலிருந்து மின்சாரம் மோட்டாருக்குப் போகும்.

இதில் ஸ்டீயரிங் கிடையாது. கையில் இருப்பது ஒரு விசை மட்டும். அழுத்தினால் வேகம், விட்டால் குறையும். புதிதாக விளையாட வருகிறவர் அழுத்திக்கொண்டே இருப்பார். முதல் வளைவிலேயே கார் காடியை விட்டுப் பறந்து தரையில் கிடக்கும். பழகியவர் வளைவுக்கு முன்பே விட்டுவிடுவார், வளைவின் பாதியில் மெல்ல அழுத்துவார். ஒரு சுற்றில் பின்தங்கியதுபோல் தெரிந்தாலும் பத்துச் சுற்று முடிவில் அவர்தான் முன்னால் இருப்பார்.

பந்தயக் கன்ட்ரோலர்களில் இன்னொரு நுட்பம் உண்டு. விசையை முழுதாக விட்டதும் மோட்டாரின் இரண்டு முனைகளும் ஒன்றோடொன்று இணைக்கப்படும். சுற்றிக்கொண்டிருக்கும் மோட்டார் அந்த நொடியில் ஜெனரேட்டராக மாறித் தன்னைத் தானே பிடித்து நிறுத்தும். ஓட வைத்த அதே மோட்டார்தான் பிரேக். மின்சார ரயிலும் மின்சாரக் காரும் இதே தத்துவத்தைத்தான் பயன்படுத்துகின்றன.

நம் தோட்டத்துப் பாலும் அக்ரோன் நகரமும்

இறக்கத்து வண்டிப் பந்தயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அது சுற்றிச் சுற்றி நம் பாட்டன் பூட்டன் வாசலுக்கே வரும்.

1877-ல் கோலகங்சாரில் ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. அவற்றில் ஒரு மரம் மாவட்ட அலுவலகத்தின் பக்கத்தில் நிற்கிறது, போய்ப் பார்க்கலாம். அதன் பிறகு பேராக் முழுவதும் கித்தாக்காடு ஆனது. அந்தக் காட்டில் விடியுமுன் எழுந்து பால் வெட்டியவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள். அந்த ரப்பரை உலகிலேயே அதிகமாக வாங்கிய நாடு அமெரிக்கா. அங்கே டயர் தொழிலின் தலைநகரம் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள அக்ரோன். குட்இயர் 1898-லும் பயர்ஸ்டோன் 1900-லும் அங்கேதான் தொடங்கின.

அதே ஒஹாயோவில் டேட்டன் என்ற ஊரில், 1933-ல் மைரன் ஸ்காட் என்ற பத்திரிகைப் புகைப்படக்காரர், பையன்கள் பெட்டிப் பலகையில் சக்கரம் மாட்டி இறக்கத்தில் ஓட்டுவதைப் பார்த்தார். அதைப் போட்டியாக ஆக்கினார். 'சோப் பாக்ஸ் டெர்பி' பிறந்தது. 1935-ல் போட்டி அக்ரோனுக்கு மாறியது. 1936-ல் அதற்கென்றே ஒரு சரிவுத் தடம் கட்டினார்கள். தெருவில் நடந்த விளையாட்டைத் தடை செய்துவிட்டுப் போகாமல், அதற்கு ஒரு தடம், ஒரு விதிப் புத்தகம், ஒரு நிறுத்தக் கோடு கொடுத்தார்கள். இந்தப் பாடத்தில் நான் முக்கியமாக நினைப்பது அதைத்தான்.

விதியும் ஒரு பிரேக்தான். 1973-ல் 14 வயதுச் சிறுவன் ஒருவன் அங்கே பட்டம் வென்றான். பிறகு வண்டியை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால், மூக்குக்குள் மின்காந்தம்! புறப்படும் இடத்தில் வண்டிகளைத் தடுத்து நிற்கும் இரும்புத் தகடு முன்னால் சாயும்போது, காந்தம் அதைப் பற்றிக்கொண்டு வண்டியை முன்னே இழுத்திருக்கிறது. பட்டம் பறிக்கப்பட்டது. இதில் பெரியவர்களின் கையும் இருந்தது. ஸ்லாட் காரில் காந்தம் வைக்கலாம், விதி அனுமதிக்கும் இடங்களில். டெர்பியில் விதி அனுமதிக்கவில்லை. பொருள் ஒன்றுதான், நேர்மைதான் வேறு.

முட்டுக்கட்டை

'முட்டுக்கட்டை போடாதே' என்று வீட்டில் திட்டு வாங்காதவர் உண்டா? அந்தச் சொல்லுக்குரிய பொருளைத் தேரோட்டத்தில் பார்க்கலாம். திருவாரூர் ஆழித்தேர் அலங்காரத்தோடு சுமார் 96 அடி உயரம், 300 டன் எடை என்று சொல்வார்கள். ஆயிரக்கணக்கானோர் வடம் பிடித்து இழுக்கிறார்கள். சக்கரத்தடியில் ஒரு சிலர் மட்டும் மரக்கட்டையோடு கூடவே ஓடுகிறார்கள். தேர் எங்கே நிற்க வேண்டும், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதை அந்தச் சிலரின் கைகள்தான் தீர்மானிக்கின்றன. சக்கரத்துக்கு முன்னால் கட்டையைச் சற்றுச் சாய்த்துப் போட்டால் தேர் திரும்பும், நேராகப் போட்டால் நிற்கும். பிற்காலத்தில் திருச்சி பெல் நிறுவனத்தின் உதவியோடு அந்தத் தேருக்கு இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் வந்தன. அப்படியும் கட்டை போடுகிறவர்களின் வேலை போகவில்லை.

நம் முன்னோர்கள் வடம் பிடிப்பதைப் புண்ணியம் என்றார்கள். கட்டை போடுவதைப் பயிற்சி பெற்றவர்களின் கையில் கொடுத்தார்கள். இழுக்க யாரும் வரலாம், நிறுத்தத் தெரிந்தவர்தான் நிறுத்த வேண்டும். தைப்பூச இரதத்தின் பின்னால் நடக்கும்போது சக்கரத்தின் பக்கம் ஒரு தரம் பாருங்கள்.

பிரேக்கைக் கழற்றிய கதை

2017 பிப்ரவரி 18. ஜொகூர் பாருவில் விடியற்காலை இருட்டில், 'பாசிக்கால் லாஜாக்' சைக்கிள்களோடு சாலையில் இருந்த பதின்ம வயதினர் கூட்டத்தின் மீது கார் மோதியது. 8 பேர் இறந்தார்கள். வழக்கு பல ஆண்டுகள் நடந்தது, அதைப் பற்றிப் பேச நான் வரவில்லை. அந்த வகைச் சைக்கிளைப் பற்றிப் பேச வேண்டும். ஹேண்டிலைத் தாழ்த்துவார்கள், பிரேக்கைக் கழற்றுவார்கள், இறக்கத்தில் வயிற்றை இருக்கையில் வைத்துப் படுத்துக்கொண்டு பறப்பார்கள். காற்றின் தடை குறையும் என்று பள்ளியில் படிக்காமலே கண்டுபிடித்த பிள்ளைகள் அவர்கள். அந்த அறிவை நான் மதிக்கிறேன். ஆனால் மேலே போட்ட வகுத்தலை அவர்களோடு உட்கார்ந்து போட ஒருவரும் இல்லை.

நம் தாமான்களிலும் தோட்டத்து வீடுகளிலும் இந்தச் சைக்கிள் உண்டு. 'போகாதே' என்று மட்டும் சொன்னால் அண்ணன்மார் கண் மறைந்ததும் போவார்கள். போவதற்கு வேறு ஓர் இடம், வேறு ஒரு வண்டி கொடுத்தால் வருவார்கள். நம் இயக்கக் கிளைகள் செய்யக்கூடிய வேலை இது.

செய்யும் முறை

1. பிரேக்கிலிருந்து தொடங்குங்கள். பழைய சைக்கிள்களின் பிரேக், கேபிள், லிவர் எல்லாம் பழைய இரும்புக் கடையில் கிடைக்கும். பின்சக்கரம் இரண்டிலும் பிரேக் கட்டாயம். நாலிலும் இருந்தால் இன்னும் நல்லது. 100 கிலோ வண்டி 5 மீட்டர் இறங்கினால் பிரேக் உறிஞ்ச வேண்டிய ஆற்றல் சுமார் 4,900 ஜூல். வேகக் கணக்கில் வராத எடை இங்கே வந்துவிடும்.

2. சைக்கிள் சக்கரம் நேராகத் தாங்கும், பக்கவாட்டில் தாங்காது. சைக்கிள் வளைவில் சாயும், நம் வண்டி சாயாது. ஆகவே அச்சின் இரு முனையையும் சட்டத்தில் தாங்க வையுங்கள். சிறிய சக்கரம் வளைவில் உறுதியானது.

3. இருக்கை தரைக்கு அருகில் இருக்கட்டும். முன் அச்சு அளவுக்கு மேல் திரும்பாதபடி இரு பக்கமும் தடுப்புக் கட்டை வையுங்கள்.

4. உருளும் சோதனை: அரை மீட்டர் உயரத்திலிருந்து சமதரைக்கு விடுங்கள். நின்ற இடம்வரை அளந்து, 0.5-ஐ அந்தத் தூரத்தால் வகுத்தால் உங்கள் வண்டியின் உராய்வு எண் கிடைக்கும். டயருக்குக் காற்று கூட்டிப் பாருங்கள், எண் மாறும்.

5. நிறுத்தும் சோதனை: தரையில் சுண்ணாம்புக் கோடு போடுங்கள். அரை மீட்டர் உயரத்திலிருந்து வந்து, கோட்டுக்குள் மூன்று முறை நின்றால் மட்டும் அடுத்த முறை 1 மீட்டர் உயரம். நிற்காத வண்டிக்கு உயரம் கூட்டக் கூடாது.

6. தலைக்கவசம், கையுறை, மூடிய காலணி கட்டாயம். தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பொதுச் சாலை என்றால் ஊராட்சி மன்றமும் காவல் நிலையமும் அனுமதித்து, சாலையை மூடிய பிறகுதான் ஓட்ட வேண்டும்.

கிளைக் கூட்டத்தில் பேச

அ. உங்கள் வட்டாரத்தில் ஓர் இறக்கத்தின் உயரத்தை எப்படி அளப்பீர்கள்? தண்ணீர் நிரப்பிய தெளிவான ரப்பர் குழாய் ஒன்று போதும், கொத்தனாரைக் கேளுங்கள்.

ஆ. அந்த இறக்கத்தின் அடியில் வண்டி நிற்க எவ்வளவு தூரம் வேண்டும்? அவ்வளவு இடம் அங்கே இருக்கிறதா? இல்லையென்றால் பாதி உயரத்திலிருந்து தொடங்குங்கள்.

இ. உங்கள் குழுவில் பிரேக் பொறுப்பு யாருக்கு? மிகவும் கெட்டிக்காரத் தம்பிக்கோ தங்கைக்கோ அதைக் கொடுங்கள். ஓட்டுகிறவரின் பெயரைப் போலவே அவர் பெயரையும் வண்டியில் எழுதுங்கள்.

வரும் பள்ளி விடுமுறைக்குள் ஒரு கிளை ஒரு வண்டி செய்தாலும் போதும். சைக்கிளில் பிரேக்கைக் கழற்றிய ஒரு தம்பியை அழைத்து, நம் வண்டிக்கு அவன் கையாலேயே பிரேக்கை மாட்டச் சொல்லுங்கள். மீதியை அந்த வண்டியே அவனுக்குச் சொல்லித் தரும்.