கண்ணை மூடினால் நரம்பு ஆறுமா?

மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ்., வந்தவர்களிடம் யாராவது ஒருவர் இப்படிச் சொல்லாமல் இருப்பதில்லை: "பழைய அதிர்ச்சி ஏதோ உள்ளே தேங்கிக் கிடக்கு. கற்பனைச் சிகிச்சையில அதை வெளியே எடுத்துட்டா எல்லாம் சரியாயிடும்." சொல்பவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார். ஆனால் முழுதாக நம்பிவிடக் கூடாத பேச்சு இது.

நம்பிக்கை: மனக்காயம்தான் நோய்க்கு வேர்.

உண்மை: இது பழைய எண்ணம். 1868-ல் இந்த நோயைத் தெளிவாக விவரித்த பாரிஸ் மருத்துவர் ஷார்கோகூட துக்கத்தையும் மன உளைச்சலையும் காரணங்களில் சேர்த்திருந்தார். இன்று தெரிந்திருப்பது வேறு. நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மையலின் உறையை உடலின் எதிர்ப்புச் சக்தியே தாக்குகிறது. 1 கோடிக்கும் அதிகமான அமெரிக்கப் படையினரின் பதிவுகளை வைத்து 2022-ல் வெளியான ஆய்வு, எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றியபின் எம்.எஸ். வரும் ஆபத்து 32 மடங்கு கூடுவதாகக் காட்டியது. அந்த வைரஸ் நம்மில் பெரும்பாலோருக்கு இருக்கிறது, எம்.எஸ். வருவது மிகச் சிலருக்கே. வைரஸ் மட்டுமே காரணமில்லை என்பதும் இதிலேயே தெரிகிறது.

நம்பிக்கை: அப்படியானால் கற்பனைச் சிகிச்சை வெறும் ஏமாற்று.

உண்மை: இல்லை. ஒருநாள் காலையில் ஒரு கண் மங்கிப்போனது, எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் அசையாமல் கிடந்தது, மருத்துவர் பெயர் சொல்லி நோயை அறிவித்த நிமிடம்: இவையே சிலருக்கு ஆறாத மனக்காயமாகி, தூக்கத்தில் திரும்பத் திரும்ப வருகின்றன. அந்த நினைவைக் கற்பனையில் மீண்டும் எதிர்கொள்ள வைப்பதுதான் இ.எம்.டி.ஆர். போன்ற முறைகளின் வேலை. முதலில் மனத்துக்குள் ஒரு பத்திரமான இடத்தை உருவாக்குவார்கள். பிறகு, அசையும் விரலைக் கண்கள் தொடர, நினைவின் காட்சியைக் கொஞ்சம் கொஞ்சமாக அணுகுவார்கள். அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய்க்கு உலக சுகாதார நிறுவனம் 2013-ல் பரிந்துரைத்த முறை இது.

அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோயும் இருந்த எம்.எஸ். நோயாளிகளிடம் இதைச் சோதித்திருக்கிறார்கள். இத்தாலிய ஆய்வாளர்கள் 2016-ல் வெளியிட்ட ஆய்வில் ஒரு குழுவுக்கு இ.எம்.டி.ஆர்., மற்றதற்குத் தளர்வுப் பயிற்சி. பத்து அமர்வுகளில் பெரும்பாலோர் மன அழுத்த நோயிலிருந்து மீண்டார்கள், இ.எம்.டி.ஆர். குழுவில் மீண்டவர்கள் கூடுதல். மீண்டது அந்த மன அழுத்த நோயிலிருந்துதான், எம்.எஸ்.ஸிலிருந்து அல்ல.

நம்பிக்கை: மனம் அமைதியானால் எம்.எஸ். மூளையில் விட்ட தழும்புகள் மறையும்.

உண்மை: இந்தக் கேள்விக்கு மிக நெருங்கி வந்த ஆய்வு 2012-ல் வெளியானது. அதில் 121 எம்.எஸ். நோயாளிகள். மன அழுத்தத்தைச் சமாளிக்கும் பயிற்சி நடந்த 24 வாரங்களில் மூளையில் புதிய பாதிப்புகள் குறைவாகவே தோன்றின. பயிற்சி நின்றதும் அந்தப் பலனும் நின்றது. மனத்துக்கும் நோய்க்கும் தொடர்பே இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது என்பதற்கு இது சான்று. மருந்துக்கு மாற்று என்பதற்கு அல்ல.

நம்பிக்கை: கற்பனைச் சிகிச்சையில் வேதனை குறைந்தால், நோயே கற்பனைதான்.

உண்மை: வீட்டார் இதைச் சொல்லும்போது நோயாளிக்கு வலிப்பது அதிகம். பயம் குறைந்தால் தூக்கம் வரும், தூங்கினால் மறுநாள் சோர்வைத் தாங்கத் தெம்பு வரும். அதனால் மையலின் சிதைவு பொய்யாகிவிடாது.

முயல விரும்புபவர்கள் பயிற்சி பெற்ற மனநல நிபுணரிடம் செல்லுங்கள். நரம்பியல் மருத்துவருக்கும் தெரிவித்துவிடுங்கள். முதல் சில அமர்வுகளில் நினைவு கிளறப்பட்டு, சோர்வு கூடலாம்; அமர்வைச் சுருக்கச் சொல்லிக் கேட்கத் தயங்காதீர்கள். மருந்தை நிறுத்தச் சொல்பவரிடம் மறுமுறை போகாதீர்கள்.