நடந்து வாழும் நகரம்

அன்றாடத் தேவைகளுக்கு நடந்தும், தூர இடங்களுக்குப் பஸ்ஸிலோ ரயிலிலோ சென்றுவரக்கூடிய நகரமே நடந்து வாழத்தக்க நகரமாகும். அருகிலுள்ள உதாரணம் கண்டி. 1867இல் அங்கு ரயில் வந்தது. இன்று ரயில் நிலையம், பஸ் நிலையம், மத்திய சந்தை, மணிக்கூட்டுக் கோபுரம் யாவும் நடக்கும் தூரத்திலேயே உள்ளன.

எங்கள் திகன வளர்ந்த விதம் வேறு. 1985இல் திறக்கப்பட்ட விக்டோரியா நீர்த்தேக்கத்தில் பழைய தெல்தெனிய நகரம் மூழ்கியது. அத்திட்டத்தோடு திகனயும் விரிந்தது. கண்டி–மகியங்கனை வீதியை ஒட்டிக் கடைகள் இருப்பதால் பஸ் வசதி உண்டு. ஆனால் தூரப் பயண வாகனங்களும் அதே வீதியால் விரைகின்றன.

இது மாணவியரின் கல்வியையும் பாதிக்கும் விடயம் என நான் கருதுகிறேன். பாதுகாப்பாக நடக்க வழியிருந்தால் ஒரு மாணவி மாலை வகுப்புக்குத் தானே போய் வருவாள். இல்லையேல் வாப்பாவோ நானாவோ வரவேண்டும். அல்லது முச்சக்கரவண்டிக்குப் பணம் வேண்டும். இரண்டும் இல்லாத நாளில் வகுப்பே கைவிடப்படும்.

வீதி நன்றாக இருந்தால் மட்டும் போதாது. 2018 மார்ச் மாதம் இங்கு கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டு ஊரடங்கு போடப்பட்டபோது, எவராலும் நடக்க முடியவில்லை. அயலாரிடம் நம்பிக்கை இருந்தால்தான் பெற்றோர் பிள்ளையைத் தனியே அனுப்புவர். தினமும் ஒரே கடையில், ஒரே பஸ்ஸில் சந்தித்துப் பேசும்போதே அந்த நம்பிக்கை வளரும்.

பாதையிலுள்ள இடையூறை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்பது நாம் கற்ற பாடம். கடைக்காரர் நடைபாதையில் பொருள் வைக்காதிருப்பதும், சாரதி பாதசாரிக் கடவையில் நிறுத்துவதும் அதில் அடங்கும்.