ஸ்டவுட் எழுதும் தம்பிக்கு

தம்பி,

மன்னாரில் நின்று நனிசைவ ஸ்டவுட் தேடின உம்முடைய கட்டுரையை வாசித்தேன். வறுத்த மோல்ட்டின் கசப்பையும் பேசாலை வெயிலையும் ஒன்றாக வைத்தீரே, அந்தப் பந்தி எங்கள் தலைமுறையில் ஒருவருக்கும் வராதது. மிச்சம் எனக்குக் கோபத்தைத்தான் தந்தது.

லயன் ஸ்டவுட்டை 'எங்கள் உள்ளூர்ச் சரக்கு' என்கிறீர். நுவரெலியாவில் தொடங்கிய ஆலை இன்று கொழும்புக்குப் பக்கத்தில், பியகமவில் இருக்கிறது. பார்லியும் ஹொப்ஸும் கப்பலில் வருபவை. நல்ல ஸ்டவுட்தான், நானும் குடிப்பேன். ஆனால் மன்னாருக்கு அது எப்படி ஐயா உள்ளூர்?

நனிசைவக் கணக்கில் மீனின் காற்றுப்பையை ஒரே வரியில் தாண்டிவிட்டீர். பாம்பன் பக்கம் அதை நெட்டி என்பார்கள்; கூறல் மீனுக்கு விலையே அதனால்தான். காய்ந்த பையைக் கரைத்து ஊற்றினால் ஈஸ்ட்டை இழுத்துக்கொண்டு அடியில் படியும், பியர் தெளியும். கின்னஸ் அதைக் கைவிடுவதாக அறிவித்ததே 2015 இல்தான். எங்கள் கடல் மீனோடு ஒட்டிய கதையை விட்டுவிட்டு போத்தல் லேபலை வர்ணிக்கிறீர்!

கள்ளை ஒரு வாக்கியத்தில் முடித்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பனங்கள்ளுக்கு மோல்ட்டும் வேண்டாம், நெட்டியும் வேண்டாம். முட்டியில் விழும்போதே புளிக்கத் தொடங்கிவிடும். காலையில் இனிப்பு, பின்னேரம் புளிப்பு, அடுத்த நாள் காடி. தூரம் போகாத குடிவகை அது. குடிக்காதவருக்குக் கருப்பணியைச் சிபாரிசு செய்தீர், சரி. புளிக்காமலிருக்க முட்டிக்குள் பூசும் சுண்ணாம்பு சிப்பி சுட்டும் எடுப்பது என்று உம்முடைய நனிசைவருக்கு யார் சொல்வது?

நான் இளந்தாரியாக இருந்த காலத்தில் பனையடியில் ஓலைப் பிளாவில் வார்த்துத்தான் குடிப்போம். ஏறிச் சீவின மனிதனைத் திண்ணையில் இருத்தாத வீடுகளும் அவன் கள்ளை மட்டும் படலையடியில் வாங்கின. அறம் என்று தலைப்புப் போட்டு எழுதுகிறவர் முதலில் தொடவேண்டிய இடம் அது. நீர் மாடுகளோடும் மீன்களோடும் நின்றுவிட்டீர்.

பாளை சீவும் காலத்தில் விடிய வாரும். கள்ளுத் தவறணையில் ஒரு போத்தல் என்ன விலை, அதில் சீவினவர் கைக்கு எவ்வளவு, மரத்தால் விழுந்தால் அந்த வீட்டுக்கு என்ன கிடைக்கும் என்று கேளும். கேட்டதை எழுதி அனுப்பும், வாசிக்கிறேன்.