அடைத்த ஓட்டைக்குப் பக்கத்திலும் பாருங்கள்

லினக்ஸ் கெர்னலுக்கு வரும் பாதுகாப்புத் திருத்தங்களைப் பழைய பதிப்புகளுக்குக் கொண்டுசேர்ப்பது என் வேலை. புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் முதலில் படிக்கக் கொடுப்பது 2019 அக்டோபரில் வந்த ஒரு குட்டி பேட்ச். ரியல்டெக் வைஃபை சிப்களுக்கான ஆர்டிஎல்வைஃபை டிரைவரில் இருந்த ஓட்டையை அடைத்தது அது. சிவிஇ-2019-17666 என்று தேடினால் கிடைக்கும்.

ரௌட்டர் இல்லாமல் இரு கருவிகள் நேரடியாகப் பேசிக்கொள்ள வைஃபை டைரக்ட் உண்டு. அதில் ஒரு கருவி, 'இந்த நேரங்களில் நான் இருக்க மாட்டேன்' என்று மற்றதற்கு முன்கூட்டியே அறிவிக்கும். ஒவ்வொரு அறிவிப்பும் 13 பைட். வந்த தகவலின் நீளத்தில் 2 பைட்டைக் கழித்து 13-ஆல் வகுத்து, எத்தனை அறிவிப்புகள் என்று டிரைவர் கணக்கிடும். அவற்றை வைக்க ஒதுக்கியிருந்த இடமோ இரண்டுக்குத்தான். அந்த நீளம் 13-ஆல் மீதியின்றி வகுபடுகிறதா என்று பார்த்த நிரல், மிக அதிகமா என்று பார்க்கவில்லை. அலை எட்டும் தூரத்தில் நிற்கிற ஒருவர் நீளமான தகவலை அனுப்பினால் அது கெர்னல் நினைவகத்தில் எல்லை தாண்டி எழுதப்படும். இயந்திரம் நின்றுபோகலாம், அதைவிட மோசமாகவும் ஆகலாம்.

திருத்தம் எளிது: எண்ணிக்கை உச்சவரம்பைத் தாண்டினால் உச்சவரம்பையே வைத்துக்கொள். ஆனால் அந்த வரிகள் இரண்டு ஃபங்ஷன்களில் சேர்க்கப்பட்டன. ஒரே கணக்கு இரண்டு இடத்தில் நகலெடுத்து எழுதப்பட்டிருந்ததே காரணம். ஒன்றை மட்டும் திருத்தியிருந்தால் ஓட்டை அப்படியே இருந்திருக்கும். அதனால் எந்த பேட்ச் வந்தாலும், திருத்தப்பட்ட வரியைப் போன்ற வரிகளை டிரைவர் முழுக்கத் தேடிப் பார்ப்பேன். கோப்பின் பாதையை நம்பித் தேடாதீர்கள். இந்த டிரைவரே பழைய கெர்னல்களில் வேறு கோப்புறையில்தான் இருந்தது. ஃபங்ஷன் பெயரை வைத்துத் தேடுங்கள்.

பேட்ச் சிக்கலில்லாமல் பொருந்திவிட்டது என்பதும் போதாது. பொது வைஃபை அடுக்கைச் சோதிக்க மெய்நிகர் ரேடியோ இருக்கிறது. டிரைவரின் சொந்த நிரல் அதில் ஓடாது. நிஜ வைஃபை கார்டு வேண்டும். கெர்னலை அணி எல்லை மீறலைக் கண்டறியும் யூபிசான் வசதியோடு தொகுத்து, வேண்டுமென்றே நீளம் கூட்டிய தகவலை அனுப்பிப் பாருங்கள். பேட்ச் இல்லாத கெர்னலில் எச்சரிக்கை வர வேண்டும். அதிலும் வரவில்லையென்றால் உங்கள் சோதனைதான் சரியில்லை.

நிர்வாகிகளுக்குச் சில வார்த்தைகள். வட்டில் புதிய மாட்யூல் வந்துவிட்டாலும் நினைவகத்தில் பழையதுதான் ஓடிக்கொண்டிருக்கும்; மறுதொடக்கம் செய்யுங்கள், அல்லது மாட்யூலை இறக்கி ஏற்றுங்கள். தொலைவில் உள்ள இயந்திரத்தில், நீங்கள் நுழைந்திருக்கும் அதே கார்டின் டிரைவரை இறக்கினால் இணைப்பு போய்விடும். இறக்குவதையும் ஏற்றுவதையும் ஒரே கட்டளைத் தொகுப்பாக, இணைப்பு அறுந்தாலும் ஓடும்படி கொடுங்கள். இனிட்ராம்எஃப்எஸ்-க்குள் நெட்வொர்க் டிரைவர் இருந்தால் அதையும் புதுப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் மறுதொடக்கத்திலும் பழையதே முந்திக்கொண்டு ஏறும். கெர்னல் பதிப்பு எண்ணை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். நிறுவனங்களுக்கான லினக்ஸ் வெளியீடுகள் பழைய எண்ணை வைத்துக்கொண்டே திருத்தத்தை உள்ளே சேர்த்திருக்கும். தொகுப்பின் மாற்றப் பதிவில் சிவிஇ எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

உடனே பேட்ச் போட வழியில்லையா? மாட்யூலைத் தடுத்து வையுங்கள். 'பிளாக்லிஸ்ட்' வரி தானாக ஏறுவதைத்தான் தடுக்கும். வேறொரு மாட்யூல் கேட்டால் அது ஏறிவிடும். மாட்ப்ரோப் அமைப்பில் 'இன்ஸ்டால்' வரியை எழுதி, அந்த மாட்யூலுக்குப் பதிலாகத் தோல்வியைத் திருப்பும் கட்டளை ஓடும்படி செய்தால் அந்த வழியும் அடைபடும்.